கடப்பாரை பாயும் துரையின் துப்பாக்கியும்

அந்தமானில் அதிகம் மண் தோண்டியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு அரசாங்கத்துக்கும் கிடைக்காது, கான்டிராக்டர்களுக்கும் கிடைக்காது. கடப்பாரை பாய்க்குத்தான் கிடைக்கும். ரோடு போடத் தோண்டியவர்கள் ரோடு போட்டதும் நிறுத்திக்கொண்டார்கள். குழாய் பதிக்கத் தோண்டியவர்கள் குழாய் பதிக்காமலே நிறுத்திக்கொண்டார்கள். பாய் மட்டும் நாற்பது வருஷம் நிறுத்தவே இல்லை.

நான் குமாஸ்தா வேலை கிடைத்து, திருச்சியிலிருந்து கப்பலேறி போர்ட் பிளேருக்குப் போய்ச் சேர்ந்த முதல் வாரமே அவரைப் பார்த்துவிட்டேன். இப்போது ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. பஜாரில் அவருக்கு ஒரு கடை. கயிறு, தார்ப்பாய், தூண்டில் முள், குடை, டார்ச் லைட், மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் கிடைக்கும். குடை கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். கடப்பாரை கேட்டால் மட்டும் விசாரணை ஆரம்பமாகும்.

“எங்க தோண்டப் போறீங்க தம்பி?”

“டெய்ரி ஃபார்ம் ஏரியால வாடகைக்கு இருக்கேன் பாய். துணி காயப்போட ரெண்டு கம்பு நடணும்.”

“பக்கத்துல படாக்கு மரம் இருக்கா?”

“ஒண்ணு இருக்கு.”

அவ்வளவுதான். கடையை அடைத்துவிட்டு என்னோடு கிளம்பிவிட்டார். கம்பு நட ஒன்றரை அடிக் குழி போதும். அவர் நாலரை அடி தோண்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். “இங்க இல்ல” என்று சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் கம்பை நட்டேன். கம்பு உள்ளே போய்விட்டது. துணி காயப்போட வெளியே ஒன்றும் மிச்சமில்லை.

அவர் தேடியது ஒரு துப்பாக்கியை.

கதை இதுதான். பாயின் தாத்தா, யுத்தத்துக்கு முன்பே ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து அந்தமானுக்கு வந்தவர். அங்கே வெள்ளைக்காரத் துரை ஒருவரோடு சேர்ந்து பெரிய வியாபாரம் செய்கிறேன் என்று வீட்டுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். ஜப்பான்காரர்கள் தீவைப் பிடித்தார்கள். கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், தாத்தா இறந்துவிட்ட செய்தியோடு அவர் கடைசியாகச் சொன்ன ஒரு வரியையும் கொண்டுவந்தார்: ‘துரை துப்பாக்கி, படாக்கு மரத்துக்கு வடக்கே இருபது அடி.’

அந்தமானில் படாக்கு மரத்தை அடையாளம் சொல்வது, சென்னையில் ‘டீக்கடைக்குப் பக்கத்தில்’ என்று விலாசம் சொல்வது மாதிரி. ஆனாலும் பாயின் தகப்பனார் கப்பலேறி வந்து, கடை போட்டு, தேடிக்கொண்டே கண்ணை மூடினார். பிறகு பாய் ஆரம்பித்தார்.

துரை அதைத் தாத்தாவுக்கு எதற்குப் பரிசாகக் கொடுத்தார் என்பது நாம் எந்தக் கிழமை கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. நான் முதலில் கேட்டபோது, துரையை முதலை இழுத்ததாகவும் தாத்தா முதலையின் வாயைப் பிளந்து அவரை மீட்டதாகவும் சொன்னார். அடுத்த மாதம் முதலை இரண்டாகிவிட்டது. ஒரு பக்ரீத் அன்று பிரியாணி பரிமாறிக்கொண்டே சொன்னபோது அது புலியாகிவிட்டது.

“பாய், அந்தமான்ல புலியே கிடையாதே.”

“இப்ப கிடையாது. ஏன் கிடையாதுன்னு யோசிச்சீங்களா? எங்க அப்பா விட்டு வைக்கல.”

அவர்கள் வீட்டில் தகப்பனார் வாப்பா. அப்பா என்றால் தாத்தா. இது புரியாமல் நான் முதல் ஆறு மாதம், பாயின் தகப்பனார்தான் புலியடித்தவர் என்று எண்ணி, கடையில் மாட்டியிருந்த அந்த ஒல்லி மனிதரின் போட்டோவை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பாயின் பலவீனம் தெரிந்ததும் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஓனரம்மா கெட்டிக்காரி. செப்டிக் டேங்குக்குக் குழி வேண்டும். ஆள் வைத்தால் இழுத்தடிப்பார்கள். நேராகப் பஜாருக்குப் போய், குடை பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டே, “எங்க வீட்டுப் பின்னாடி மண்ணுல ஏதோ இரும்பு தட்டுப்படுது பாய். மரமும் தெக்கால இருக்கு” என்றாள்.

இரண்டே நாள். ஆறடி ஆழம், எட்டடி நீளம், சுவர் வைத்த மாதிரி சுத்தமான பக்கங்கள். கொத்தனாரே வந்து பார்த்து மலைத்துப் போனார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“பாய், உங்கள ஏமாத்திட்டாங்க. அவங்களுக்கு வேண்டியது குழிதான்.”

பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தெரியாமலா தோண்டுனேன்? இரும்பு தட்டுப்படுதுன்னு சொல்லும்போதே அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. இருக்கட்டும் தம்பி. அவங்களுக்குக் குழி கிடைச்சுது. எனக்கு ஒரு எடம் கழிஞ்சுது.”

‘ஒரு எடம் கழிஞ்சுது’ என்பதுதான் அவருடைய சந்தோஷம். கடையில் ஊர் வரைபடம் ஒன்று வைத்திருந்தார். தோண்டிய இடத்தில் எல்லாம் சிவப்புப் பென்சிலால் புள்ளி. தூரத்திலிருந்து பார்த்தால் ஊருக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

என்னைக் கார் நிக்கோபாருக்கு மாற்றினார்கள். போன ஒரு வாரத்தில் ஆபீசுக்கு ஃபோன். மேலதிகாரிதான் எடுத்தார். யாரோ அவசரம் என்கிறார்கள் என்று பதறிப்போய் என்னிடம் கொடுத்தார். மறுமுனையில் பாய்.

“தம்பி, அங்க படாக்கு மரம் இருக்கா?”

“நான் பாத்த வரைக்கும் இல்ல பாய். எங்க பாத்தாலும் தென்னைதான்.”

“அல்ஹம்துலில்லாஹ்! ஒரு தீவே கழிஞ்சுது” என்று ஃபோனை வைத்துவிட்டார்.

திரும்பி வந்த பிறகு நடந்ததுதான் வண்டூர் விவகாரம். ஒரு நாள் விடியற்காலையில் அங்கே கடற்கரையோரம் பாய் தோண்டிக்கொண்டிருந்தபோது, வனக்காவலர் ஒருவர் பிடித்துவிட்டார். ஆமை முட்டை திருடுகிறவர் என்று சந்தேகம்.

“க்யா கோத் ரஹா ஹை?”

என்ன தோண்டுகிறாய் என்ற அந்தக் கேள்விக்குப் பாய் உண்மையைச் சொன்னார். “பந்தூக், சாப்.”

ஆமை முட்டைக்கு வந்த காவலர், துப்பாக்கி என்றதும் வெலவெலத்துப் போய் போலீசைக் கூப்பிட்டுவிட்டார். அரசாங்க ஊழியர் என்ற முறையில் நான் போய் ஜாமீன் மாதிரி நிற்க வேண்டியதாயிற்று. போகிற வழியில் ஆட்டோவில் பாயின் மனைவி ஆயிஷா லாத்தாவும் இருந்தார். லாத்தா என்றால் அக்கா.

“கேளுங்க தம்பி. வீட்டுல ஒரு ரோசாச் செடி நட குழி வெட்டித் தாங்கன்னு ரெண்டு வருசமாச் சொல்றேன். முதுகு வலிக்குதுங்கறாஹ. வண்டூருக்கு முப்பது கிலோமீட்டர் பஸ் ஏறி வந்து தோண்டுனா முதுகு வலிக்காதாம்!”

ஸ்டேஷனில் பாய் பெஞ்சில் உட்கார்ந்து, காவலருக்கே முதலைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலை மூன்றாகியிருந்தது. நான் அவரைத் தனியாக இழுத்து, “பாய், ஒரு வார்த்தை நண்டு பிடிக்கிறேன்னு சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன்.

“அப்பா பேருல பொய் சொல்லலாமா தம்பி?” என்றார், மூன்று முதலைகளையும் வைத்துக்கொண்டு.

இப்படியே வருஷங்கள் ஓடின. பாயின் தாடி வெளுத்தது. முழங்கால் போயிற்று. கடப்பாரையை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். கேலி செய்தவர்களும் கேலி செய்து அலுத்துவிட்டார்கள். நான் ரிட்டயர் ஆகும் வருஷம், ஒரு முற்பகலில், பஜாரே ஓடிவந்து அவருக்குச் சேதி சொன்னது.

மேட்டுப் பக்கம் ஒரு பழைய மர பங்களாவை இடித்துக்கொண்டிருந்தார்கள். பின்கட்டுச் சமையலறையின் சிமென்ட் தரையை ஜேசிபி பெயர்த்தபோது ஒரு பெட்டி வந்தது. உள்பக்கம் தகரம் அடித்த மரப்பெட்டி. அதற்குள் மெழுகுத்துணி. அதற்குள் கெட்டியான கிரீஸ். அதற்குள் இரட்டைக் குழல் துப்பாக்கி.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் போலீஸ் வந்து கயிறு கட்டிவிட்டது. பாய் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். தெற்கே, புல்லுக்குள், எப்போதோ வெட்டிய ஒரு படாக்கு மரத்தின் அடிக்கட்டை இருந்தது. அங்கிருந்து அடிமேல் அடி வைத்து எண்ணி நடந்தார். கணக்கு சரியாக இருந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. மஞ்சள் ஜேசிபியைத்தான் வெறித்துப் பார்த்தார்.

“நாப்பது வருசம் தம்பி. இந்தக் கழுத நாலு நிமிசத்துல எடுத்துருச்சே!”

ஸ்டேஷனில் துப்பாக்கியை மேசைமேல் வைத்திருந்தார்கள். குழலில் அங்கங்கே துரு. கட்டையின் ஒரு ஓரம் அரித்திருந்தது. மற்றபடி, தூங்குகிற ஆள் மாதிரி, தட்டினால் கண் விழித்துவிடும் போலத்தான் கிடந்தது. விசைக்கு மேலே வெள்ளித் தகட்டில் இரண்டு நாய்களும் ஒரு பறவையும் செதுக்கியிருந்தார்கள். கட்டையில் பித்தளைத் தட்டு. அதில் மூன்று ஆங்கில எழுத்துகள். பெட்டியில் இன்னொன்றும் இருந்தது. மெழுகு வைத்து அடைத்த ஒரு மருந்து பாட்டில், உள்ளே சுருட்டிய காகிதம்.

இன்ஸ்பெக்டர் ஒரு வங்காளி. காகிதத்தைப் பிரித்தார். அரபி எழுத்து. உருது தெரிந்த ஒரு ஏட்டைக் கூப்பிட்டார். அவர் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, “எழுத்து எல்லாம் படிக்க வருது சார், அர்த்தம்தான் வரல. இது உருது இல்ல” என்றார். பாயும் முயன்றார். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், முடியவில்லை. இது ஜப்பான் ஒற்றர் சங்கேத மொழியாக இருக்குமோ என்று ஒரு கான்ஸ்டபிள் சொன்னதும் ஸ்டேஷன் சுறுசுறுப்பாகிவிட்டது.

மூலையில் நின்றிருந்த ஆயிஷா லாத்தா முன்னால் வந்தார். “இங்க குடுங்க பாப்போம்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

“இது தமிழுதான். அரபி எழுத்துல எழுதுன தமிழ். சின்னப் புள்ளையில ஓதப்போன வீட்டுல நாயகம் மேல பாடுன மாலைப் பாட்டெல்லாம் இந்த எழுத்துலதான் படிச்சோம்.”

நாற்பது வருஷமாகப் புருஷனின் தேடலைத் திட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள், ஸ்டேஷன் ட்யூப் லைட்டின் கீழே காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, விரலால் வலமிருந்து இடமாகத் தொட்டுத் தொட்டு வாசித்தார். நான் இன்ஸ்பெக்டருக்கு இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

‘இந்தத் துப்பாக்கி என்னுடையது இல்லை. நான் குசினி வேலை செய்கிற டாக்டர் துரையுடையது. அவருக்கு அவருடைய வாப்பா கொடுத்தது. கப்பலேறும்போது இதைக் கடலில் போட்டுவிடு, எதிரி கையில் சிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மனிதருக்கு அவர் வாப்பா கொடுத்ததைக் கடலில் போட எனக்குக் கை வரவில்லை. குசினித் தரைக்கு அடியில் வைத்திருக்கிறேன். துரை வீட்டுச் சாமான் எங்கே என்று கேட்டு ஜப்பான்காரர்கள் அடிக்கிறார்கள். சொல்லமாட்டேன். எடுக்கிறவர் யாராக இருந்தாலும் அவருடைய ஆட்களிடம் ஒப்படைக்க வேண்டும். இது அமானிதம். ஊரில் என்னை வியாபாரி என்று நினைத்திருக்கிறார்கள். அது அப்படியே இருக்கட்டும்.’

அமானிதம் என்றால், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். வைத்திருக்கலாம், சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது.

இன்ஸ்பெக்டர் டீ சொன்னார். டீ வந்து ஆறியது. பாய் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். முதலை, புலி, பங்கு வியாபாரம் எல்லாம் போய், கையில் கரண்டியோடு ஒரு சமையல்காரர்தான் மிஞ்சியிருந்தார். வெளியே நின்ற கூட்டத்தில் யாரோ, “அட, குசினிக்காரனா!” என்று சிரித்தது எல்லார் காதிலும் விழுந்தது.

பாய் நிமிர்ந்தார். “என்ன அடி அடிச்சிருப்பானுவ தம்பி...” என்றார். “ஒத்த வார்த்த சொல்லலியே, மனுசன்!”

கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப இத்தன வருசமா நா தேடுனது அடுத்தவங்க சாமானையா?” என்று மனைவியைக் கேட்டார்.

“ஆமா. இனிமே கொண்டுபோய்க் குடுக்கற வழியப் பாருங்க.”

சட்டப்படி துப்பாக்கி அரசாங்கத்திடம் போயிற்று. இனிச் சுட முடியாதபடி செய்து, ஒரு சின்னக் காட்சிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ‘பழங்கால இரட்டைக் குழல் துப்பாக்கி’ என்று அட்டை. பாய் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு அங்கிருந்த அதிகாரியிடம் சண்டைக்குப் போனார். “பேரும் இல்ல, ஊரும் இல்ல. இது என்ன அனாதையா?” ‘உரியவருக்காகக் காத்திருப்பது’ என்று ஒரு வரி சேர்க்கும்வரை தினமும் போய் நின்றார். அதிகாரி ஒன்பதாம் நாள் சேர்த்தார்.

பிறகு கடிதம் எழுதும் படலம். ரிட்டயர் ஆன குமாஸ்தாவுக்கு வேறென்ன தெரியும்? குழலில் பொறித்திருந்த எண்ணையும், பித்தளைத் தட்டின் மூன்று எழுத்துகளையும் எழுதி, அதைச் செய்த இங்கிலாந்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். பழைய பேரேட்டைப் பார்த்துப் பதில் போட்டார்கள். ஒரு கிராமத்துப் பாதிரியார், டாக்டருக்குப் படித்து முடித்த தன் மகனுக்காகச் செய்யச் சொன்ன துப்பாக்கி. மகன் அந்தமானுக்கு வேலைக்குப் போனவர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அந்தக் கிராமத்துத் தேவாலயத்துக்கு எழுதினேன். ஏழு மாதம் சத்தமில்லை. பாய் தினமும் தபால்காரரை வழிமறித்ததில், அவர் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார்.

எட்டாம் மாதம் ஒரு உறை வந்தது. டாக்டர் துரையின் பேத்தி எழுதியிருந்தார். எழுபது தாண்டியவர். துப்பாக்கி கடலில் போயிற்று என்றுதான் அவர்கள் வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தார்களாம். தாத்தா அதைக் கொண்டு ஒரு பறவையைக்கூட அடித்ததில்லையாம். குறி அவ்வளவு மோசம். கடைசியில் ஒரு கேள்வி: ‘தாத்தாவுக்குச் சாப்பாடு பிடித்துப்போனால் ஒரு வார்த்தை சொல்வார். எங்கள் வீட்டில் இன்றும் அதைச் சொல்கிறோம். அர்த்தம் யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? மீனானம்.’

எனக்கும் தெரியவில்லை. ஏதோ ஜெர்மன் வார்த்தையோ என்று நினைத்தேன். நான் வாசித்து முடிப்பதற்குள் ஆயிஷா லாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“மீனாணம் தம்பி! மீன் கொழம்பு. எங்க ஊருல அப்படித்தான் சொல்லுவோம்.”

பேத்தி விமானமேறி வந்தே விட்டார். பாய் அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே என்னிடம் இங்கிலீஷ் பாடம் படித்தார். ஒரே ஒரு வாக்கியம்தான். கடையில் கயிறு அளக்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். பத்து மீட்டர் கேட்டவருக்குப் பதினைந்து மீட்டர் போயிற்று.

காட்சிக்கூடத்தில் அன்று சிறப்பு அனுமதி வாங்கி, கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்கள். பேத்திக்கு வெள்ளை முடி, கையில் தடி, பூப்போட்ட சட்டை. அந்த அம்மாளுக்கும் பாய்க்கும் முழங்கால் ஒரே மாதிரிதான் வலித்தது. பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுத்தார். அவர் அதைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு மாதப் பாடத்தை ஒப்பித்தார்:

“மேடம், திஸ் இஸ் யுவர் கன். சாரி ஃபார் தி டிலே.”

எண்பது வருஷத் தாமதத்துக்கு மன்னிப்பு. அந்த அம்மாள் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், எப்போது அழ ஆரம்பித்தார் என்று தெரியவில்லை. துப்பாக்கியை வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு, பித்தளைத் தட்டில் இருந்த தன் தாத்தாவின் எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். பிறகு பாயின் கையிலேயே திருப்பிக் கொடுத்து, மெதுவாக ஏதோ சொன்னார்.

“என்ன சொல்றாங்க தம்பி?”

“உங்க தாத்தா இருந்த ஊர்லயே இது இருக்கட்டுங்கறாங்க. ரெண்டு பேர் பேரையும் அட்டையில போடணுமாம்.”

பாய் தலையை ஆட்டினார். கொஞ்சம் யோசித்தார். “குசினிக்காரர்னும் போடச் சொல்லுங்க. விட்டுறப் போறாங்க.”

மத்தியானம் பாய் வீட்டில் சாப்பாடு. அந்த அம்மாள் மீனாணத்தை ஒரு வாய் வைத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. காரம். ஆனாலும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது நான் திருச்சியில் இருக்கிறேன். மகன் வீட்டு மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாய் ஃபோன் பண்ணுவார். கப்பல் எப்போது வந்தது, மழை எப்படி, முழங்காலுக்கு எந்தத் தைலம் என்று, நடுவில் கடல் கிடப்பதால் சத்தமாகத்தான் பேச வேண்டும் என்ற நம்பிக்கையில், கத்திப் பேசுவார்.

போன ஞாயிறு ஃபோன் வரவில்லை. பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. மருமகள் சாப்பிடக் கூப்பிட்டாள், பசியில்லை என்றேன். மூன்று மணிக்கு ஃபோன் அடித்தது. “காலையிலேருந்து நெட்வொர்க் இல்ல தம்பி! சாப்டீங்களா?” என்று கத்தினார்.

சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்லிவிட்டு, எழுந்து போய்த் தட்டைப் போட்டேன்.